பின்லாந்தா, எஸ்டோனியாவா? இரண்டு நாடுகளின் வளர்ச்சியை ஒப்பிடுவது எப்படி

எந்த நாடு முன்னேறிய நாடு என்று கேட்டால் பெரும்பாலும் யாராவது ஒரு எண்ணைத் தூக்கிப் போடுவார்கள். தனிநபர் வருமானம் இவ்வளவு, உலகத் தரவரிசையில் இத்தனாவது இடம், கதை முடிந்தது. அந்த ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் என்னவெல்லாம் கண்ணில் படாமல் போகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் தூக்கம் வந்துவிடும் என்பதால் உண்மையான ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: பின்லாந்து, எஸ்டோனியா.

ஏன் இந்த இரண்டு? வரைபடத்தில் பால்டிக் கடலின் மேல்பகுதியைப் பாருங்கள். பின்லாந்து வளைகுடாவுக்கு வடக்குக் கரையில் ஹெல்சின்கி, தெற்குக் கரையில் தாலின். நடுவில் சுமார் 80 கிலோமீட்டர் கடல், கப்பலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் அடுத்த நாட்டின் தலைநகரில் இறங்கிவிடலாம். மொழிகள் நெருங்கிய உறவுள்ளவை. இரண்டுமே லுத்தரன் கிறிஸ்தவ மரபில் வந்தவை, பைபிள் வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஊர் ஊராக எழுத்தறிவு பரவிய இடங்கள். இரண்டுமே ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தவை; பின்லாந்து 1917 டிசம்பரிலும் எஸ்டோனியா 1918 பிப்ரவரியிலும் விடுதலையை அறிவித்தன. 1930-களில் வாழ்க்கைத் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் பொருளாதார வரலாறு எழுதுபவர்கள் பலரும் சொல்கிறார்கள். வெண்ணெயும் மரமும் ஏற்றுமதி செய்து பிழைத்த சின்ன விவசாய நாடுகள், அவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கு இதைவிட வசதியான ஜோடி சுலபத்தில் கிடைக்காது. சுவிட்சர்லாந்தையும் மால்டோவாவையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், ஆனால் எதனால் அந்த வித்தியாசம் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் இரண்டிலும் எல்லாமே வேறு வேறு. கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தொடங்கிய இரண்டு நாடுகள் பிரிந்து போயிருந்தால், பிரிந்த இடத்தைத் தேடலாம். இங்கே அந்த இடம் தெளிவாகவே இருக்கிறது: 1939 முதல் 1944 வரையிலான போர் ஆண்டுகள்.

பின்லாந்து சோவியத் ஒன்றியத்தோடு இரண்டு முறை போரிட்டது. நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பறிகொடுத்தது, அங்கிருந்து கிளம்பி வந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மற்ற பகுதிகளில் வீடும் நிலமும் கொடுத்தது, 30 கோடி டாலர் போர் இழப்பீட்டைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் செய்து அனுப்பி 1952-க்குள் கட்டியும் முடித்தது. இவ்வளவு அடிபட்டும் தன் அரசையும் தேர்தலையும் சந்தையையும் கையில் வைத்திருந்தது. எஸ்டோனியாவுக்கு அது வாய்க்கவில்லை. 1940-ல் சோவியத்தோடு சேர்க்கப்பட்டது, 1941-ல் ஜெர்மானியர்கள் வந்தார்கள், 1944-ல் மறுபடியும் சோவியத். 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நிலமெல்லாம் கூட்டுப்பண்ணை ஆனது. 1991 ஆகஸ்ட் 20-ல்தான் மீண்டும் சுதந்திரம்.

நடுவில் இருந்த அந்த ஐம்பது வருடத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. தாலின் பக்கம் இருந்தவர்களுக்கு பின்லாந்துத் தொலைக்காட்சி எட்டியது. ஆன்டெனாவைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் போதும், கடலுக்கு அந்தப் பக்கத்துக் கடைகளில் என்ன விற்கிறது, என்ன விலை என்று விளம்பரத்தில் பார்த்துவிடலாம். 1972-ல் தாலினில் பின்லாந்துக்காரர்கள் கட்டிக்கொடுத்த வீரு ஹோட்டலில் லிஃப்ட் பொத்தான்கள் 22-ஆம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருந்த 23-ஆம் மாடியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபி உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. ஆக, தங்களை யாரோடு ஒப்பிடுவது என்று எஸ்டோனியர்களுக்கு எந்தப் பொருளாதார நிபுணரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் எடுப்பது ஜிடிபி, அதாவது ஒரு நாட்டுக்குள் ஓர் ஆண்டில் உற்பத்தியான பொருட்கள், சேவைகளின் மொத்த மதிப்பு. மக்கள்தொகையால் வகுத்தால் தனிநபர் ஜிடிபி. வகுக்காமல் ஒப்பிடுவதில் பயனில்லை. பின்லாந்தில் 56 லட்சம் பேர், எஸ்டோனியாவில் சுமார் 13.7 லட்சம் பேர்தான், மொத்தத்தைப் பார்த்தால் பெரியது பெரியதாகத்தான் தெரியும். 2023 கணக்கில் தனிநபர் ஜிடிபி பின்லாந்தில் 53,000 டாலரை ஒட்டி, எஸ்டோனியாவில் 30,000 டாலர் அளவு. எஸ்டோனியாக்காரர் பின்லாந்துக்காரரைவிடப் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று படிக்கத் தோன்றும்.

அப்படிப் படிக்கக் கூடாது. ஏனென்றால் இரண்டு ஊரிலும் விலை ஒன்றல்ல. ஹெல்சின்கியில் முடி வெட்டிக்கொள்வதும் தாலினில் வெட்டிக்கொள்வதும் ஒரே வேலை, ஒரே கத்தரிக்கோல். ஆனால் கூலி குறைவான ஊரில் அதற்குக் காசும் குறைவு. செல்போனும் பெட்ரோலும் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருக்க, வாடகை, பஸ், பல் டாக்டர் போன்ற ஆள் உழைப்பு சார்ந்தவை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். இந்த விலை வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கணக்குக்கு வாங்கும் திறன் சமநிலை என்று பெயர். அந்தக் கணக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியை 100 என்று வைத்தால், பின்லாந்து நூறுக்குச் சற்று மேலே, எஸ்டோனியா 80-ஐ ஒட்டி. இடைவெளி பாதியிலிருந்து கால்பங்காகச் சுருங்கிவிட்டது, ஒரு மனிதர்கூட ஒரு ரூபாய் அதிகம் சம்பாதிக்காமலேயே.

விலை வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தாலின் துறைமுகத்துக்குப் போக வேண்டும். பின்லாந்தில் மதுவுக்கு வரி கடுமை, சற்றுக் காட்டமான சரக்கு என்றால் ஆல்கோ என்ற அரசுக் கடைதான் (டாஸ்மாக் தெரிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை). அதனால் பின்லாந்துக்காரர்கள் காலையில் கப்பல் ஏறி வந்து, தள்ளுவண்டியில் பீர்ப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு மாலையில் திரும்புவது பல வருடமாக வழக்கம். 2017-ல் எஸ்டோனியா பீருக்கான வரியை 70 சதவீதம் ஏற்றியது. என்ன ஆனது? எஸ்டோனியர்களே காரை எடுத்துக்கொண்டு தெற்கே லாத்வியா எல்லைக்குப் போய் வாங்க ஆரம்பித்தார்கள், எல்லையோரத்தில் அதற்கென்றே கடைகள் முளைத்தன, 2019-ல் அரசு வரியைக் கால்பங்கு குறைத்தது. விலைக் குறியீட்டு அட்டவணையைவிட இந்தப் பீர்ப் பெட்டிகள் நன்றாகவே பாடம் நடத்தும். இப்போது எஸ்டோனியாவின் பொது விலைவாசியும் ஐரோப்பிய சராசரியை நெருங்கிவிட்டது. சம்பளம் ஏறினால் முடிவெட்டும் கூலியும் ஏறத்தான் செய்யும்.

ஜிடிபியில் இன்னொரு ஓட்டை உண்டு. ஒரு நாட்டில் உற்பத்தியானதெல்லாம் அந்த நாட்டுக்காரர் கைக்குப் போகும் என்பதில்லை. எஸ்டோனியாவின் பெரிய வங்கிகளில் முக்கியமானவை ஸ்வீடன்காரர்களுடையவை. லாபம் எஸ்டோனியா ஜிடிபியில் பதிவாகும், உரிமை ஸ்டாக்ஹோமில் இருக்கும். இதன் உச்சம் அயர்லாந்து. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துக் கணக்குகளை அங்கே மாற்றியதால் 2015-ல் ஒரே ஆண்டில் அதன் ஜிடிபி சுமார் கால்பங்கு ஏறியது. அந்த வருடம் அயர்லாந்து மக்கள் யாரும் அப்படித் திடீர்ப் பணக்காரர் ஆகவில்லை. எஸ்டோனியாவில் விஷயம் அவ்வளவு மோசமில்லை என்பதால் மேலே போகலாம்.

இதுவரை பார்த்தது இன்று யார் எங்கே இருக்கிறார் என்ற நிலை. வேகம் வேறு சமாச்சாரம். இங்கேதான் எஸ்டோனியாவின் கதை சுவாரஸ்யமாகிறது.

1992-ல் எஸ்டோனியாவில் விலைவாசி ஒரே ஆண்டில் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. கையில் இருந்தது ரூபிள், அது மாஸ்கோவில் அச்சாவது, அதன் மதிப்பு இவர்கள் கையில் இல்லை. ஜூன் 20-ஆம் தேதி சொந்த நாணயமான க்ரூன் வந்தது. ஓர் ஆள் 1,500 ரூபிள் வரை மாற்றிக்கொள்ளலாம், பத்து ரூபிளுக்கு ஒரு க்ரூன். கணக்குப் போட்டால் தலைக்கு 150 க்ரூன். எட்டு க்ரூன் ஒரு ஜெர்மன் மார்க்குக்குச் சமம் என்று கட்டி வைத்திருந்ததால் அந்த 150 க்ரூன் பத்தொன்பது மார்க்குக்கும் குறைவு. அந்தப் பணத்தோடு ஒரு நாடே புதுக்கணக்கு தொடங்கியது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு பீருக்கும் அது சரியாகப் போயிருக்கும்.

அந்த ஆண்டு அக்டோபரில் 32 வயது மார்ட் லார் பிரதமரானார். வரலாறு படித்தவர். அரசு நிறுவனங்கள் விற்கப்பட்டன, இறக்குமதி வரிகள் எடுக்கப்பட்டன, 1994-ல் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே 26 சதவீத வருமான வரி வந்தது. 2000 முதல் நிறுவனங்கள் லாபத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே போட்டால் அதற்கு வரியே கிடையாது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம், 2011-ல் யூரோ. 1990-களின் நடுவில் ஐரோப்பிய சராசரியில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி இருந்த நாடுதான் இன்று 80-ஐத் தொட்டு நிற்கிறது.

பின்லாந்து அந்தக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தது? அதற்கும் சோவியத் உடைந்தது பலத்த அடி. ஒரு கட்டத்தில் ஏற்றுமதியில் கால்பங்கு வரை சோவியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அது ஒரேயடியாக நின்றது, கூடவே உள்ளூர் வங்கிகளும் தள்ளாடின. 1990 முதல் 1993 வரை பொருளாதாரம் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, மூன்று சதவீதமாக இருந்த வேலையின்மை பதினாறைத் தாண்டியது. அப்புறம் நோக்கியா தூக்கி நிறுத்தியது, 2008-க்குப் பிறகு அதே நோக்கியாவின் போன் தொழில் சரிந்தது, காகிதத்துக்கும் உலகில் தேவை குறைந்தது, அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளாகத் தனிநபர் ஜிடிபி பெரிதாக ஏறவே இல்லை. ஒருவர் ஓட, இன்னொருவர் நின்றுவிட்டார். எட்டிப்பிடித்தல் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பாதி, முன்னால் போனவர் மூச்சு வாங்கி நின்றதால் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வளர்ச்சி வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று இருக்கிறது, சின்னக் கணக்கில் சொல்கிறேன். ஒரு நாட்டின் வருமானம் 100, இன்னொன்றின் வருமானம் 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆண்டுக்கு 2 சதவீதமும் இரண்டாவது அதைப்போல இரு மடங்கு வேகத்தில் 4 சதவீதமும் வளர்கின்றன. ஓர் ஆண்டு கழித்து 102, 34.32. இடைவெளி 67-லிருந்து 67.68 ஆகியிருக்கிறது, அதாவது இரு மடங்கு வேகத்தில் ஓடியும் தூரம் கூடியிருக்கிறது! இதே வேகம் ஒரு வருடம்கூடத் தவறாமல் தொடர்ந்தால் இரண்டும் சமமாக சுமார் 57 ஆண்டுகள் ஆகும். இருபது வயதில் பார்க்கத் தொடங்கியவர் எழுபத்தேழு வயதில் முடிவைப் பார்ப்பார். "எங்கள் வளர்ச்சி அவர்களைவிட இரு மடங்கு" என்று எந்த அரசாங்கம் பேசினாலும் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது. வேகம் தவறாமல் தொடரும் என்பதும் நிச்சயமில்லை: 2009-ல் ஒரே ஆண்டில் எஸ்டோனியாவின் பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் விழுந்தது, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வேலை தேடிய ஐவரில் ஒருவருக்கு வேலை இல்லை.

பணக் கதை இவ்வளவு. ஆனால் என்னைக் கேட்டால் இந்த ஜோடியில் உண்மையாகவே யோசிக்க வைப்பது பணம் அல்ல, ஆயுள்.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு நாடுகளிலும் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் கிட்டத்தட்ட ஒன்றுதான், 68-69 வயது. வருமானத்தில் பின்லாந்து ஏற்கெனவே முன்னே போய்விட்டிருந்தும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. காரணம் எளிது. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், காசநோய் ஒழிப்பு, பிரசவத்துக்கு மருத்துவமனை, இதையெல்லாம் சோவியத் அமைப்பு நன்றாகவே செய்தது. தொற்றுநோயை விரட்ட மேலிருந்து வரும் உத்தரவு போதும். அதன் பிறகு மக்களைக் கொன்றது தொற்றுநோய் அல்ல, மாரடைப்பு, சிகரெட், சாராயம், சாலை விபத்து. இவற்றை உத்தரவு போட்டு விரட்ட முடியாது. அடுத்த முப்பது வருடம் எஸ்டோனியாவின் ஆயுள் கோடு ஏறத்தாழ படுத்தே கிடந்தது. நடுவில் ஒரே ஒரு ஏற்றம்: 1985-ல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மதுவுக்குக் கடிவாளம் போட்டபோது. 1990-ல் பின்லாந்து 75-ஐத் தொட்டிருந்தது, எஸ்டோனியா 70-க்குக் கீழேயே.

பின்லாந்து மட்டும் எப்படி ஏறியது? அங்கேயும் நிலைமை லட்சணமாக இருக்கவில்லை. 1960-களில் உலகிலேயே இதய நோயால் அதிகம் செத்த ஆண்கள் பின்லாந்து ஆண்கள்தான், அதிலும் கிழக்கே வடக்குக் கரேலியா மாகாணம் மகாமோசம். காலை ரொட்டியில் வெண்ணெய், காப்பியோடு கொழுப்பெடுக்காத பால், கறியில் உப்பு, கையில் சிகரெட். 1972-ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது, நடத்தியவர் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர். அவர் மருத்துவமனை கட்டவில்லை. மார்த்தா என்ற இல்லத்தரசிகள் அமைப்போடு சேர்ந்து ஊர்க்கூட்டங்களில் காய்கறி சேர்த்துச் சமைத்துக் காட்டினார்கள், தொத்திறைச்சி செய்பவர்களிடம் பேசி உப்பையும் கொழுப்பையும் குறைக்க வைத்தார்கள், பால் பண்ணைக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது சிலரை பெர்ரிப் பழ விவசாயத்துக்குத் திருப்பினார்கள். பிறகு நாடு முழுவதும் அது பரவியது, 1976-ல் புகையிலைச் சட்டம் வந்தது. சில பத்தாண்டுகளில் அந்த மாகாணத்தில் வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இதை எந்த ஜிடிபி கணக்கும் காட்டாது. உண்மையில் விற்காத வெண்ணெயும் சிகரெட்டும் ஜிடிபியைக் குறைத்துத்தான் காட்டும்.

எஸ்டோனியாவில் 1994-ல் ஆண்களின் சராசரி ஆயுள் 61-க்கு இறங்கியது. இதை எல்லோரும் 61 வயதில் செத்தார்கள் என்று படிக்க வேண்டாம். அந்த ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்களோ அதே அளவு தொடர்ந்தால் இன்று பிறக்கும் ஆண் குழந்தை சராசரியாக எவ்வளவு வாழும் என்ற கணக்கு அது. நடைமுறையில் அதன் பொருள், நாற்பதிலும் ஐம்பதிலும் ஏராளமான ஆண்கள் போய்ச்சேர்ந்தார்கள் என்பதுதான். வேலை போனது, குடி, தற்கொலை, குளிரில் விபத்து. சீர்திருத்தம் வெற்றி என்று எழுதும்போது இந்தப் பெயர் தெரியாத நடுவயது ஆண்களையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். அதன் பிறகு எஸ்டோனியா எழுந்த வேகமும் சாதாரணமில்லை, முப்பது வருடத்தில் மொத்த சராசரி ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள் அளவுக்கு ஏறி இப்போது 78-79. பின்லாந்து 82-ஐ ஒட்டி. குழந்தை இறப்பில் வித்தியாசமே இல்லை, இரண்டிலும் ஆயிரம் பிறப்புக்கு இரண்டு போல, உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று.

பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கதை தலைகீழாகும். பின்லாந்தில் பரீட்சையே இல்லை, வீட்டுப்பாடமே இல்லை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஃபார்வேர்டு உங்களுக்கும் வந்திருக்கும் (இரண்டும் பாதி உண்மைதான், வீட்டுப்பாடம் உண்டு, பள்ளிப் படிப்பின் முடிவில் பெரிய பொதுத்தேர்வும் உண்டு). அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது என்றால் பிசா தேர்விலிருந்து, பல நாட்டு 15 வயது மாணவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வைப்பது. 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் சேர்ந்து எழுதிக் கடைசி இடங்களுக்குப் போனது நினைவிருக்கலாம். 2006-ல் அறிவியலில் பின்லாந்துதான் உலகில் முதலிடம். 2022-ல் கணிதத்தில் பின்லாந்து 484, எஸ்டோனியா 510. அறிவியலில் 511, 526. இரண்டு பாடத்திலும் ஐரோப்பாவிலேயே எஸ்டோனியாதான் முதலில் நிற்கிறது.

வருமானத்தில் கால்பங்கு பின்தங்கிய நாடு படிப்பில் எப்படி முந்தியது? இங்கே சோவியத் காலம் விட்டுப்போனதில் ஒரு நல்லதும் இருக்கிறது: கணிதத்துக்கும் அறிவியலுக்கும் முக்கியத்துவம், எல்லா ஊரிலும் பாலர் பள்ளி. அதன் மேல் 1996-ல் குடியரசுத் தலைவர் லென்னார்ட் மேரி அறிவித்த புலிப் பாய்ச்சல் திட்டம், சில ஆண்டுகளில் எல்லாப் பள்ளிக்கும் கணினியும் இணையமும் போனது. மதியச் சாப்பாடு பள்ளியில் இலவசம், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் மதிப்பெண் இடைவெளி மற்ற நாடுகளைவிடக் குறைவு. ஆனால் ரஷ்ய மொழிப் பள்ளிகளில் படிப்பவர்கள் பின்தங்கியே இருந்தார்கள், எல்லாப் பள்ளிகளையும் எஸ்டோனிய மொழிக்கு மாற்றும் வேலை 2024-ல்தான் தொடங்கியது. பின்லாந்து ஏன் இறங்கியது என்பதில் அங்கேயே சண்டை ஓயவில்லை, எனவே அதில் நாம் தலையிட வேண்டாம்.

வருமானம், ஆயுள், படிப்பு என்று மூன்று விதமாகப் போகிறதே, எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எண்ணாக்க முடியாதா என்று தோன்றும். அந்த ஆசையில்தான் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் சிந்தனைத் துணையோடு, 1990-ல் மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தார். ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் கலந்து 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு மதிப்பெண். 2022 கணக்கில் பின்லாந்து 0.942, எஸ்டோனியா 0.899. நல்ல முயற்சிதான், ஆனால் மேல்மட்டத்து நாடுகளுக்கு இது அவ்வளவாக உதவாது. படிப்பு என்று அது எண்ணுவது எத்தனை வருடம் பள்ளியில் உட்கார்ந்தார்கள் என்பதை, என்ன கற்றார்கள் என்பதை அல்ல. பிசாவில் தெரிந்த வித்தியாசம் இதில் தெரியாது. பங்கீடும் தெரியாது.

பங்கீடு என்றால் கிடைத்தது யார் யாருக்குப் போனது என்பது. அதை அளக்க ஜினி குறியீடு: எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் 0, எல்லாம் ஒரே ஆளிடம் என்றால் 100. பின்லாந்து 27-ஐ ஒட்டி, எஸ்டோனியா 31-32. ஐந்து புள்ளி சின்னதாகத் தெரியும், ஆனால் பின்னால் இருக்கும் முடிவு பெரியது. பின்லாந்து அரசு ஜிடிபியில் 42 சதவீதம் அளவுக்கு வரியாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறது, எஸ்டோனியா 33-34 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. அந்தக் குறைவான வரியில் தொழில் வளர்ந்தது. அதே குறைவான வரியில் பென்ஷன் வளரவில்லை.

எஸ்டோனியாவில் 65 வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் வறுமை அபாயத்தில் இருப்பவர்கள் என்று கணக்கெடுப்புகள் சொல்லி வந்திருக்கின்றன, ஐரோப்பாவிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. பின்லாந்தில் இது எட்டில் ஒருவர் போல. இந்த எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஐரோப்பாவில் வறுமைக் கோடு என்பது பட்டினிக் கோடு இல்லை; நாட்டு மக்களை வருமான வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறுமை அபாயம். இப்போது யோசியுங்கள். இளைஞர்களின் சம்பளம் வேகமாக ஏறினால் நடு ஆளின் வருமானம் ஏறும், கோடும் ஏறும், பாட்டியின் பென்ஷன் ஒரு சென்ட்கூடக் குறையாமல் பாட்டி கோட்டுக்குக் கீழே போய்விடுவார். அப்படியானால் இந்த எண் பொய்யா? பொய்யில்லை. வாடகையும் சூடேற்றும் கட்டணமும் இளைஞரின் சம்பளத்தோடுதான் ஏறுகின்றன, தனியாக வாழும் பாட்டிக்கு அது நன்றாகவே உறைக்கும்.

ஊருக்கு ஊர் பார்த்தாலும் இதே இழுபறி. எஸ்டோனியாவின் ஜிடிபியில் அறுபது சதவீதத்துக்கு மேல் தாலின் இருக்கும் ஹார்யு மாவட்டத்திலேயே உருவாகிறது. ரஷ்ய எல்லையில் இருக்கும் நார்வா நகரத்தில் பழைய ஆலைகள் மூடின, பேசுபவர்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழிக்காரர்கள், அவர்களில் சிலரிடம் இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத சாம்பல் நிற பாஸ்போர்ட்தான் இருக்கிறது. எஸ்டோனியாவின் சராசரி என்று நாம் சொல்லும் ஆள் நார்வாவில் கிடைக்க மாட்டார்.

பிறகு, ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் பாருங்கள். 1990-ல் எஸ்டோனியாவில் 15.7 லட்சம் பேர் இருந்தார்கள். ரஷ்ய ராணுவமும் அதைச் சார்ந்த குடும்பங்களும் கிளம்பின, பிறப்பு குறைந்தது, பலர் வேலைக்கு வெளிநாடு போனார்கள். பின்லாந்தில் மட்டும் ஐம்பதாயிரம் எஸ்டோனியர்கள் அளவில் இருக்கிறார்கள், பஸ் ஓட்டுநர், கட்டட வேலை, மருத்துவர் என்று. வெள்ளிக்கிழமைக் கப்பலில் குடும்பத்தைப் பார்க்கத் தாலினுக்குப் போய்த் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியவர்கள் நிறைய. தாலினில் படித்த மருத்துவர் ஹெல்சின்கியில் வேலை செய்தால் செலவு ஒரு நாட்டுக் கணக்கு, வரவு இன்னொரு நாட்டுக் கணக்கு. சம்பள இடைவெளி குறையக் குறையச் சிலர் திரும்பிக்கொண்டும் இருக்கிறார்கள். பிறப்பு விகிதத்தில் மட்டும் இரண்டு நாடும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பக்கம் போகின்றன, 2024-ல் இரண்டிலும் ஒரு பெண்ணுக்கு 1.3 குழந்தைக்கும் கீழே. 2018 முதல் மகிழ்ச்சிப் பட்டியலில் பின்லாந்துதான் தொடர்ந்து முதலிடம், அது பிறப்பை ஏற்றிவிடவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நீங்களே ஒரு ஜோடியை எடுத்துச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் போர்ச்சுகலையும் செக் குடியரசையும் எடுங்கள். ஒன்று 1974-ல் சர்வாதிகாரத்திலிருந்து வெளியே வந்தது, இன்னொன்று 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் தளத்தில் எல்லா எண்களும் இலவசம். விலை வித்தியாசத்தைக் கழித்த தனிநபர் ஜிடிபியில் செக் முன்னே நிற்கும், ஆயுளில் போர்ச்சுகல் இரண்டு வருடம் போல முன்னே நிற்கும். ஏன் என்று தேடத் தொடங்கும்போது சாப்பாட்டுத் தட்டிலிருந்தே தொடங்கலாம், கூடவே இரண்டு நாட்டிலும் கிளம்பிப் போனவர்கள் எத்தனை பேர், எப்போது என்பதையும் பாருங்கள். போர்ச்சுகலில் அது பெரிய எண்.